நாளைப்போவாள்

2023 மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் இரவு குடிகாட்டில் எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி தங்கியிருந்தாள். புதுச்சேரியில் தமிழ் படிக்க வந்த பிரெஞ்சுக்காரி. என் வயதுதான். ஒரு கவிதை வாசிப்பில் பழக்கம். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியற்காலை மகாபிஷேகத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுராத்திரி தாண்டியதும் கிளம்ப வேண்டும். அதனால் முந்தின நாளே அழைத்துவந்து அம்மா வீட்டில் தங்க வைத்தேன்.

ஒன்றரை மணிக்கு எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்து களிக்குப் பச்சரிசி வறுத்துக்கொண்டிருந்தாள். பாசிப்பருப்பு வறுத்துத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. வெல்லம் நுணுக்கியாகிவிட்டது. ஏழுகறிக் குழம்புக்குப் பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் நறுக்கி முறத்தில் இருந்தன. தோழி நிலைப்படியில் சாய்ந்து பத்து நிமிடம் போல அசையாமல் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "உன் அம்மாவின் முகத்தைப் பார். இதுதான் தியானம். நாங்கள் இதைத் தொலைத்துவிட்டுத்தான் இங்கே தேடி வருகிறோம்."

அம்மா கரண்டியை நிறுத்தாமல், "என்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றாள்.

"நீ நல்லா சமைக்கிறன்னு சொல்றாங்கம்மா" என்றேன்.

தமிழ் படித்து முனைவர் பட்டம் வாங்கி, பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை ஏன் தப்பாக மொழிபெயர்த்தேன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

குடிகாடு, கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். கிழக்கே உப்பனாறு, அதற்கப்பால் கடல். இங்கிருந்து சிதம்பரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடமாகிறது. இந்த ஐம்பது வருடத்தில் சிதம்பரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள். வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள். கல்யாணம், கருமாதிகளுக்குப் போயிருக்கிறாள். நான் அங்கே படித்தபோது விடுதிக்கு முறுக்கு டப்பாவோடு வந்திருக்கிறாள். திருவாதிரைக்கு மட்டும் போனதில்லை.

காரணம் களி. திருவாதிரையன்று ஒரு வாய்க் களி தின்னாதவருக்கு நரகக்குழி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எல்லோரும் தின்றாக வேண்டும் என்றால், கிண்டுவதற்கு ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். விடியுமுன் படைக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கழுத்துச் சரடு மாற்ற வேண்டும். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும், காலை ஷிப்டுக்குக் கிளம்புகிற அண்ணனுக்கும், பக்கத்து வீடுகளுக்கும் தூக்குகளில் பிரித்து வைக்க வேண்டும். தரிசனத்துக்குப் போகிறவர்கள் போய்விட்டு மத்தியானம் பசியோடு திரும்புவார்கள். அப்போதும் அடுப்படியில் ஒருத்தி வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் அம்மா "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பாள். பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணிக்குப் பிரசவம். 2004 மார்கழிப் பௌர்ணமியன்று, டிசம்பர் 26, ஆழிப்பேரலை வந்தது; கடலூர்க் கரை முழுக்க ஓலமாக இருந்தபோது யார் திருவாதிரையை நினைப்பார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல். அதற்குப் பத்து நாள்கூட ஆகாமல் திருவாதிரை வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில், விழுந்த முருங்கை மரத்தைப் பிளந்து எரித்து அம்மா களி கிண்டினாள். 2020இல் கொரோனா. காரணங்கள் பொய்யில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஐம்பது நியாயமான காரணங்கள் சேர்ந்து ஒரு ஆயுளாகிவிட்டன.

எனக்குப் பதினான்கு வயதில் ஒருமுறை, களியைப் பாட்டி பார்த்துக்கொள்வதாகவும் நாங்கள் எல்லோரும் முந்தின நாளே போய்த் தேர் பார்த்து, தங்கித் தரிசனமும் பார்ப்பதாகவும் முடிவாயிற்று. வேன் பேசியாகிவிட்டது. கிளம்புகிற காலையில் நான் தூரமானேன். எங்கள் பக்கம் மாதவிலக்குக்கு அதுதான் பேர்: வீட்டுக்குத் தூரம். என்னைத் தனியே விட முடியாது என்று அம்மாவும் நின்றுவிட்டாள். வேன் போயிற்று. சிதம்பரத்துக்கு இருக்கிற நாற்பது கிலோமீட்டர் ஒரு தூரம். நான் உட்கார்ந்திருந்த பின்கட்டுத் திண்ணைக்கும் சாமி மாடத்துக்கும் நடுவே இருந்த பத்தடி இன்னொரு தூரம். முதல் தூரத்தைக் கடக்க வேன் போதும்.

அன்றிரவு, திருவாதிரைக்குக் கிளம்பும்போது, "நீயும் வாம்மா" என்று வாசலில் நின்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. வருவாள் என்று நினைத்துக் கேட்கவில்லை என்பதும் உண்மை. அவள் வந்தால் களி என்னாகும் என்ற கணக்கு எனக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க போய்ட்டு வாங்க. சாமி எங்க ஓடிடப் போவுது" என்றாள்.

சிதம்பரத்தில் உண்மையில் சாமி ஓடத்தான் செய்கிறது. மற்றக் கோயில்களில் மூலவர் கருவறையிலேயே இருப்பார், உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராசரே சிவகாமியோடு சிற்சபையை விட்டு இறங்கித் தேரேறி நான்கு வீதியும் சுற்றுகிறார். அன்று இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்குகிறார். மறுநாள் விடியுமுன் அங்கேயே மகாபிஷேகம். பிற்பகலில் ஆடிக்கொண்டே திரும்பிச் சபைக்குள் போகிறார். அந்தத் திரும்புதல்தான் தரிசனம். கடவுள் வீட்டை விட்டுக் கிளம்பி, வெளியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் வீடு திரும்புகிற விழா இது. கடவுளுக்கே ஒரு பயணம் வாய்க்கிறது.

தோழி அழுதாள். பாலும் சந்தனமும் விபூதியும் அந்தத் தூக்கிய காலில் வழிந்தபோது சத்தமில்லாமல் அழுதாள். குமாரசாமியின் 'சிவ நடனம்' நூலைப் படித்துவிட்டு வந்தவள். ஜெனீவாவில் செர்ன் அணு ஆய்வு நிலைய வளாகத்தில் 2004இல் இந்தியா கொடுத்து வைத்த நடராசர் சிலையையும் போய்ப் பார்த்தவள். அங்கே அந்தச் சிலைக்கு முன்னால் வராத கண்ணீர் இங்கே ஏன் வந்தது என்று பிறகு கேட்டாள். அவளுடைய அழுகையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அது உண்மையான அழுகை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஒரு பாட்டி தானாக நகர்ந்து, "வெளியூர்க்காரங்க, பாக்கட்டும் பாவம்" என்று என்னையும் சேர்த்து முன்னால் விட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, புருஷன் இருக்கிறாரா, என்ன சாதி, அன்றைக்குத் தூரமா என்று யாரும் கேட்கவில்லை. இதே கோயிலில் 2022 பிப்ரவரியில் தலித் பெண் பக்தர் ஒருவர் கனகசபையில் ஏற விடாமல் தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்து காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. அதே ஆண்டு மே மாதம், பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று அரசாணை வந்தது. தமிழ் தெரிந்த, தேவாரம் தெரிந்த ஒரு பெண் அந்தப் படிகளில் ஏறுவதற்கு அரசாணை வேண்டியிருந்தது. கேள்வி கேட்கப்படாமல் நிற்பதுதான் என் தோழிக்கு அன்று கிடைத்த பெரிய பிரசாதம். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவள்.

நான் நின்றிருந்த ஆயிரங்கால் மண்டபத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அங்கே நின்றபோது அந்தப் புராணத்தின் இரண்டு பயணிகள் நினைவுக்கு வந்தார்கள்.

ஒருவர் நந்தனார். புராணத்தில் அவர் பேர் திருநாளைப்போவார். தில்லைக்குப் போக ஆசை. போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே நாள் கழிகிறது. கடைசியில் போகிறார்; மதிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்; தீயில் இறங்கி வந்த பிறகுதான் உள்ளே போகிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் பண்ணையார் ஒருவர் வந்து வழிமறிக்கிறார். சேக்கிழாரில் அந்தப் பண்ணையார் இல்லை. யாரும் வாய்விட்டுத் தடுக்காமலேயே நந்தனார் நாளை என்கிறார். வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். சாதி எப்படி வேலிகூடப் போடாமல் மனத்துக்குள் மதில் எழுப்புகிறது என்று விளக்கியிருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் ஒருத்தி ஐம்பது வருடமாக அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இரவு வரை என் காதில் விழவில்லை. நந்தனார் மேல் இறங்கிய சாதியின் கொடுமையையும் என் அம்மாவின் அடுப்படியையும் நான் ஒன்றாக்கவில்லை. என் அம்மாவை எந்தத் தீயிலும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது: ஆசையை மறுக்காமலே தள்ளிப்போடுகிறது.

இன்னொருவர் காரைக்கால் அம்மையார். அறுபத்து மூவரில் பெண்கள் மூன்றே பேர், அவர்களில் ஒருவர். புனிதவதியின் கதையும் அடுப்படியில்தான் தொடங்குகிறது. பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. கணவன் கொடுத்தனுப்பிய மாம்பழத்தைச் சோற்றோடு இடுகிறாள். அங்கிருந்து கதை எங்கெங்கோ போகிறது. கணவன் அவளைக் கண்டு அஞ்சிக் கப்பலேறி, பாண்டி நாட்டில் வேறு குடும்பம் அமைக்கிறான். அவனுக்காகத் தாங்கிய உடம்பு இனி வேண்டாம் என்று அவள் கேட்கிறாள். தசையை உதறிப் பேயுரு பெறுகிறாள். அதன் பிறகுதான் கயிலைக்குப் புறப்படுகிறாள், தலையால் நடந்து. தமிழின் முதல் பெரிய பெண் பயணி பயணம் போவதற்கு முன்னால் பெண்ணாக இருப்பதை விட வேண்டியிருந்தது. மனைவியாக இருந்தவரை அவள் விருந்து படைத்தவள். பேயான பிறகுதான் அவளே விருந்தாளியாகி, இறைவன் வாயால் 'அம்மையே' என்று அழைத்து வரவேற்கப்படுகிறாள்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் விருந்து. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போது விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் சேர்த்துச் சொல்கிறாள். விருந்து படைப்பது அவளுக்கு உரிமை, பெருமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் இலக்கியத்தில் ஒரு மனைவி, தான் விருந்தாளியாக இருக்க முடியவில்லையே என்று வருந்தும் இடத்தைத் தேடினேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. ஒரு பண்டிகை மனிதருக்குக் கொடுக்கிற பெரிய கொடை அந்தப் புதுமைதான். நேற்றைய கையை ஒருநாள் மடக்கி வைத்துவிட்டு, சும்மா நின்று, கண்ணால் வாங்கிக்கொள்வது. என் தோழி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். பண்டிகையை உண்டாக்குகிறவளுக்கு அது கிடைப்பதில்லை. அவளுக்குப் பண்டிகை நாள் என்பது மற்ற நாளைவிட மூன்று மணி நேரம் முன்னால் தொடங்குகிற நாள்.

மாலை வீடு திரும்பினோம். தோழி களியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். "அம்மா ஏன் வரவில்லை?" என்று அப்போதுதான் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பாட்டி சொல்லும் மார்த்தாள், மரியாள் கதையைச் சொன்னாள். லூக்கா சுவிசேஷத்தில் வருவது. இயேசு வீட்டுக்கு வருகிறார். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தாள் வேலை செய்து அலுத்துப்போய், இவளை எனக்கு உதவச் சொல்லும் என்று முறையிடுகிறாள். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று இயேசு பதில் சொல்கிறார். தோழியின் பாட்டி எப்போதும் மார்த்தாள் பக்கம்தானாம். "அன்றைக்கு ராத்திரி எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள் அல்லவா?" என்று கேட்பாளாம்.

எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தாள். திருவாதிரைக் களிக்குக் காரணமாகச் சொல்லப்படும் சேந்தனார் கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். சேந்தனார், ஒன்பதாம் திருமுறையில் திருப்பல்லாண்டு பாடியவர். அவர் விறகு விற்றுத் தினம் ஓர் அடியாருக்குச் சோறு போட்டு வந்தார். ஒரு நாள் அடைமழை, விறகு விற்கவில்லை. வீட்டிலிருந்ததைக் கொண்டு களி செய்து ஓர் அடியாருக்குப் படைத்தார். மறுநாள் காலை சிதம்பரத்தில் சந்நிதியைத் திறந்தால் அங்கே களி சிதறிக் கிடந்தது. சிறுவயதில் நான் கேட்டேன்: "களிய யார் ஆயா கிண்டுனது?" பாட்டி சிரித்தாள். "யார் கிண்டுவா? அவன் பொண்டாட்டிதான்." "அவ பேரு என்னா?" பாட்டி யோசித்துப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் கதையில இல்ல, போ" என்றாள்.

அன்றிரவு தோழி தூங்கிய பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "காலையில அவங்க நீ நல்லா சமைக்கிறன்னு சொல்லல. உன் முகத்தப் பாத்தா தியானம் பண்ற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க."

அம்மா சிரித்தாள். "தியானமா? தூக்கம் பாப்பா அது. கண்ணு சொக்குது, அரிசி கருவிடப் போவுதேன்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் ஏதோ வெற்றி பெற்றவள் போலப் பேச ஆரம்பித்தேன். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை வகுப்பில் நடத்தும் அதே குரலில், இது பக்தி இல்லை உழைப்பு, சம்பளமில்லாத உழைப்பு, பக்தி என்று பேர் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்றேன். அம்மா முகம் மாறிற்று.

"அப்ப இத்தன வருஷம் நான் சும்மா ஏமாந்து கெடந்தேங்கிறியா? கிண்டும்போது பாதி நேரம் அரிசியத்தான் பாத்தேன். பாதி நேரம் சாமியத்தான் நெனச்சேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னது சரி. அவளுக்குள்ளே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத் தியானம் என்றாள் வெளிநாட்டுக்காரி. அதே முகத்தைப் பார்த்து அடிமைத்தனம் என்றேன் நான். இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை. காலையில் நான் தப்பாக மொழிபெயர்த்ததற்கும் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 'தியானம்' என்பதை அப்படியே சொல்லியிருந்தால் அம்மா அதற்குப் பதில் சொல்லியிருப்பாள். அந்தப் பதிலைக் கேட்க நான் தயாராக இல்லை. ஆமாம் என்று அவள் சொன்னால் என் படிப்புக்கு இடி. இல்லை என்று சொன்னால், அவளை அடுப்படியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிய என் மனசாட்சிக்கு இடி.

அப்படியானால் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? வெகுநாள் எனக்கு ஒரு விடை இருந்தது: வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் நோன்பு நோன்பாகும், முடியாத இடத்தில் அது வெறும் வேலை. இப்போது அதில் ஒரு குறை தெரிகிறது. நடுராத்திரி அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அதனால் அது அன்பில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கட்டாயத்துக்குள்ளும் அன்பு இருக்கலாம், பக்தியும் இருக்கலாம். சிறைக்குள்ளிருந்து மனிதர்கள் நல்ல கவிதை எழுதியிருக்கிறார்கள். கவிதை நன்றாக இருப்பதால் சிறை நல்லதாகிவிடாது. சிறை கெட்டது என்பதால் கவிதை பொய்யாகிவிடாது.

ஆகவே, அவள் செய்வது பக்தியா வேலையா என்று அவள் முகத்தில் தேடுவதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி அவளைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி மற்றவர்களைப் பற்றியது. இந்த வருடம் நான் கிண்டவில்லை என்று அவள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? யாராவது எழுந்து வாணலியை எடுப்பார்களா? அல்லது முகம் தூக்குவார்களா? 'உன் கைப்பக்குவம் வராது' என்று புகழ்ந்தே அவளைத் திரும்ப உட்கார வைப்பார்களா? அவளுடைய பக்தியின் அளவு நமக்குத் தெரியாது. நம்முடைய சோம்பலின் அளவு நமக்கு நன்றாகத் தெரியும். நாம் பேச வேண்டியது அதைப் பற்றி. மார்த்தாள் கதையிலும் அப்படித்தான்: மரியாளோ மார்த்தாளோ, யார் பங்கு நல்லது என்று தீர்ப்புச் சொல்லாமல் அங்கிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஒரு கை கொடுத்திருந்தால், இரண்டு பெண்களுமே உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

என் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அப்பா 2016இல் இறந்துபோனார். சரடு மாற்றும் நோன்பு சுமங்கலிகளுக்கு. அந்த வருடத் திருவாதிரையிலிருந்து அம்மா மாடத்துக்கு முன்னால் வந்து உட்காருவதில்லை. அண்ணிதான் உட்காருகிறாள். படைக்கும் நேரத்தில் அம்மா பின்கட்டுக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளே போய்விடுவாள். ஆனால் களி கிண்டுவது அவள்தான். நோன்புக்கு ஆகாதவள் கிண்டிய களி நோன்புக்கு ஆகிறது. கணவனுக்காக என்று சொல்லித்தான் அந்த விரதத்தையும் வேலையையும் அவள் தோளில் ஏற்றினார்கள். கணவன் போனதும் விரதத்தை மட்டும் இறக்கிக்கொண்டார்கள். இதில் எது யாருக்குத் தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டாம். ஏழு வருடம் நான் அந்தக் களியைச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆனியில் அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். ஆனித் திருமஞ்சனத்துக்கும் அதே தேர், அதே ஆயிரங்கால் மண்டபம், அதே மகாபிஷேகம், அதே திரும்புதல். களி மட்டும் இல்லை. இவ்வளவு எளிய வழி ஐம்பது வருடமாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முந்தின நாளே போய்க் கீழவீதிப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். தேர் வருவதற்கு முன்னால் வீதியில் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு பெண்ணிடமிருந்து மாவுக் கிண்ணத்தை வாங்கப் போனாள். "சும்மா நில்லும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. பக்கத்தில் யாருடைய குழந்தையையோ வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாருடைய பையையோ பார்த்துக்கொண்டாள். அண்ணன் சாப்பிட்டானா என்று இரண்டு முறை போன் செய்யச் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலை அபிஷேகம் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிற்பகல் தரிசனத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பிராகாரத்தில் நிழலாக ஓரிடத்தில் உட்கார்ந்தோம். அம்மா தூணில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கை மடியில் விழுந்து கிடந்தது. பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மேளச் சத்தம் நெருங்கியது, கூட்டம் எழுந்தது, சிவசிவா என்று குரல்கள். ஐம்பது வருடம் காத்திருந்த காட்சி. எழுப்பலாமா என்று யோசித்தேன். தோளைத் தொடக் கையைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

எழுப்பியிருக்க வேண்டும் என்று என் மாணவிகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியது அவள், நீங்கள் எப்படி எடுக்கலாம் என்கிறார்கள். அது நியாயமான கேள்வி. மீதிப் பேர், அந்தத் தூக்கம்தான் அவளுக்குத் தரிசனம் என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு முகத்தைப் பார்த்துத் தியானம் என்று சொல்வது போல இருக்கிறது. அவள் களைத்திருந்தாள், தூங்கினாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விழித்ததும் "போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சும்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அடுத்த ஆனிக்கு வரலாம்" என்றாள். பிறகு, "மார்கழிக்கு ஒங்க அண்ணனக் கிண்டச் சொல்லு. கருவுனா கருவட்டும்" என்றாள்.

அந்த மார்கழியில் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து கிண்டினார்கள். அடி கருகிற்று. எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்டோம்.